தேதி கொடுத்தாச்சு... தெம்பு யார் கொடுப்பது?

அரசு மருத்துவமனையில் ஆபரேஷனுக்குத் தேதி வாங்குவது லேசான காரியம் இல்லை. ஓ.பி. சீட்டு, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, மயக்க டாக்டரின் ஒப்புதல், காப்பீட்டு அட்டைக்கான கையெழுத்து என்று ஒவ்வொரு ஜன்னலாக நின்று வந்த பிறகுதான் சீட்டில் ஒரு தேதி விழும். சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, ரத்த குரூப் என்ன, ஹெச்.ஐ.வி. உண்டா, மஞ்சள் காமாலைக் கிருமி உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். எடையும் இருக்கும். மயக்க மருந்தை எத்தனை மில்லிகிராம் போடுவது என்று கணக்குப் பார்க்க எடை வேண்டுமே! ஆனால், ‘ஆறு மாசத்துக்கு முன்னாடி எவ்வளவு எடை இருந்தீங்க?’ என்று கேட்டுக் குறித்த சீட்டை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ‘இப்ப ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிட முடியுது?’ என்ற கேள்விக்குச் சீட்டில் இடமே கிடையாது.

இந்த இரண்டு கேள்விகளையும் கேட்காமல் விடுவதற்கு நோயாளிகள் கொடுக்கும் விலை பெரிது. தையல் பிரிகிறது. புண்ணில் சீழ் வைக்கிறது. நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆகிறது. ஒரு வாரத்தில் வீடு திரும்ப வேண்டியவர் மாதக்கணக்கில் வார்டில் கிடக்கிறார். உறவினர்கள் டாக்டரைத் திட்டுகிறார்கள், தியேட்டர் சுத்தமில்லை என்கிறார்கள், எதற்கும் வழியில்லாதபோது கிரகத்தைத் திட்டுகிறார்கள். அதில் சில சமயம் நியாயமும் இருக்கலாம். ஆனால், கத்தி படுவதற்கு முன்பே சத்தெல்லாம் வற்றிப்போயிருந்த உடம்பைப் பற்றி வார்டில் யாரும் பேசுவதில்லை.

மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றின் பெண்கள் வார்டு வராந்தாவில் அந்த அக்காவைச் சந்தித்தேன். பூ கட்டி விற்பவர். கர்ப்பப்பையில் கட்டி, மாதாமாதம் நிற்காத உதிரப்போக்கு. கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி, தேதியும் கொடுத்திருந்தார்கள். சொன்ன தேதியில் வந்து சேர்ந்தால், ஹீமோகுளோபின் 7 கூட இல்லை. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். 10 ஆவது இருந்தால்தான் மயக்க மருந்து கொடுப்பேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது சரியான முடிவுதான், அவரைக் குறை சொல்ல முடியாது. குறை அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது. கையில் ஒரு கவர் இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்து, “நல்லா சத்தானதா சாப்பிட்டு, ரத்தம் ஏறினதும் வாங்கம்மா” என்று அனுப்பிவிட்டார்கள்.

“என்னத்த சாப்பிடச் சொன்னாங்க அக்கா?”

“அதெல்லாம் சொல்லலீங்க. பேரீச்சம்பழம், மாதுளைன்னு பக்கத்துப் பெட்டு அம்மாதான் சொல்லுச்சு. மாதுளை என்ன வெல விக்குது!”

அவருடைய ஒரு நாள் சாப்பாட்டைக் கேட்டேன். விடியற்காலையில் மார்க்கெட்டில் பூ எடுக்கப் போகும்போது ஒரு டீயும் பன்னும். மதியம் சோறு, ரசம் அல்லது காரக்குழம்பு. ராத்திரி மிச்சம் இருக்கும் சோறு. ஞாயிற்றுக்கிழமை எப்போதாவது மீனோ முட்டையோ. இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று அதை டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தார். டீயில் இருக்கும் துவர்ப்புச் சத்து, இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைச் சாறோடோ நெல்லிக்காயோடோ எடுத்தால் கூடுதலாகச் சேரும். ஒரே ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம். மாத்திரை கொடுத்த இடத்தில் யாரும் சொல்லவில்லை. மாதம் ஒன்று போய்த் திரும்பி வந்தபோது ரத்தம் ஏறவே இல்லை. உள்ளே போவதைவிட வெளியே போவது அதிகமாக இருந்தால் எப்படி ஏறும்?

பேச்சின் நடுவே சேலையைச் சற்று விலக்கித் தன் ரவிக்கையைக் காட்டினார். இரண்டு பக்கமும் ஊக்கு குத்தி இறுக்கியிருந்தார். “தீபாவளிக்குத் தச்சதுங்க. இப்ப தோளுல நிக்க மாட்டேங்குது.” எடை பார்க்கும் மெஷின் இல்லாத வீட்டில் எடை குறைந்ததற்கு அந்த ஊக்குகளைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? கழன்று விழும் வளையல், பெல்ட்டில் ஆணியால் போட்ட புது ஓட்டை, இரண்டு சுற்று சுற்றிக் கட்ட வேண்டியிருக்கும் அரைஞாண் கயிறு என நம் மக்களிடம் கணக்கு இருக்கத்தான் செய்கிறது. கேட்பதற்கு ஆள் இல்லை.

கடைசியில் மகனும் கொழுந்தனாரும் ரத்தம் கொடுத்து, இவருக்கு ரத்தம் ஏற்றி ஆபரேஷன் முடிந்தது. அதன்பின் வயிற்றுத் தையலில் சீழ் வைத்து, தினமும் கட்டுப் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் கிடந்தார். கோயில் வாசலில் அவர் கூடை வைத்திருந்த இடத்தை வேறொருவர் பிடித்துக்கொண்டார். சத்துக்குறைவு ஒன்றால்தான் சீழ் வைத்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ரத்தசோகையும் தசை வற்றலும் உள்ளவருக்குப் புண் ஆறுவது கஷ்டம் என்று மருத்துவக் கல்லூரி மாணவருக்குக்கூடத் தெரியும். தெரிந்தே ஒன்றுமில்லாமல் அனுப்பிய அந்த ஒரு மாதம்தான் என் ஆதங்கம்.

உடம்பின் கணக்கு

நல்லதற்காகச் செய்தாலும், உடம்பைப் பொறுத்தவரை ஆபரேஷன் ஒரு பெரிய காயம். கல்லீரலில் சேமித்திருக்கும் சர்க்கரை சாப்பாடு இல்லாமல் சுமார் ஒரு நாளில் தீர்ந்துவிடும். பிறகு கொழுப்பு எரியும். கூடவே தசையும் கரையும். வெட்டிய இடத்தை ஒட்டவைக்கும் கொலாஜென் ஒரு புரதம். கிருமியோடு சண்டை போடும் அணுக்களை உருவாக்கவும் புரதம் வேண்டும். வைட்டமின் சி-யும் துத்தநாகமும் இல்லாமல் அந்த வேலை ஒழுங்காக நடக்காது. வெளியிலிருந்து புரதம் வராதபோது உடம்பு தன் தசையையே உடைத்து எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே வற்றியவரிடம் எடுக்க என்ன இருக்கிறது? மூச்சை இழுத்து விடுவதும் தசைதான். அது மெலிந்தவருக்கு இருமிச் சளியைத் துப்பக்கூட வலு இருக்காது. ஆபரேஷன் நன்றாக முடிந்தும் சளி கட்டிப் போய்ச்சேர்ந்தவர்களின் கதை நம் எல்லோர் வீட்டிலும் ஒன்று உண்டு.

இது இன்றைக்கு நேற்று கண்டுபிடித்தது இல்லை. 1936-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஹிராம் ஸ்டட்லி என்ற அறுவை மருத்துவர், வயிற்றுப்புண் ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் எடையைக் கணக்கெடுத்தார். ஆபரேஷனுக்கு முன்பே தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்துபோனார். அவ்வளவு இழக்காதவர்களில் இறந்தவர்கள் 100-க்கு 3.5 பேர்தான். பென்சிலின் மருந்து மக்கள் கைக்கு வருவதற்கு முந்தைய காலம் அது. ஆன்டிபயாட்டிக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவும் வந்து எவ்வளவோ மாறிவிட்டது, ஆனால் எடை இழந்தவருக்கு ஆபத்து அதிகம் என்ற உண்மை மட்டும் மாறவில்லை. 2023-ல் லான்செட் குழுமத்தின் இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, 75 நாடுகளில் குடல், இரைப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட 5,700-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தது. மொத்தத்தில் மூன்றில் ஒருவருக்குக் கடுமையான சத்துக்குறைவு. நம்மைப் போன்ற வருமானம் குறைந்த நாடுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 100-க்கு 62 பேர். அந்த நாடுகளில் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதத்துக்குள் நேர்ந்த மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இந்தச் சத்துக்குறைவின் வழியாக வந்தது என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. இதைப் படித்த பிறகும் முன்பிருந்த எடையைக் கேட்காத சீட்டை நாம் எப்படி ஏற்றுக்கொள்வது?

தமிழ்நாட்டு நிலவரத்தையும் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது, பெண்கள் வார்டில் ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களில் பாதிப் பேர் ரத்தம் குறைந்துதான் வருவார்கள் என்று வைத்துக்கொண்டே திட்டம் போட வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் அட்மிஷன் அன்றைக்குத்தான் அது தெரியவருகிறது; கேஸ் கேன்சல் ஆகிறது.

ஒல்லியானவர்கள் விஷயம் மட்டும் இல்லை இது. பார்வைக்குப் பருமனாக இருந்து, உள்ளே தசை வற்றிப்போனவர்கள் உண்டு. மூட்டுமாற்று ஆபரேஷனுக்கு வரும் பாட்டிகள் பலர் அப்படித்தான். அவர்களைப் பார்த்து ‘உடம்பைக் குறைங்க’ என்று சொன்னதும், இருந்த இரண்டு இட்லியையும் ஒன்றாக்கிக்கொண்டு தியேட்டருக்குப் போகிறார்கள்.

பட்டினியும் பத்தியமும்

‘ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல பச்சைத் தண்ணி பல்லுல படக் கூடாது.’ ஆபரேஷனுக்கு முந்தின நாள் எல்லா வார்டிலும் ஒலிக்கும் உத்தரவு இது. இதற்குப் பின்னால் நியாயமான பயம் ஒன்று இருக்கிறது. மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. 1946-ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன் அதை விரிவாக எழுதினார். ஆனால் அதற்குப் பிறகு நடந்த ஆய்வுகளைப் பார்த்து, 1999-லேயே அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் வழிகாட்டுதலைத் திருத்திவிட்டது. சாதாரண நோயாளி என்றால் லேசான சாப்பாடோ பாலோ ஆறு மணி நேரத்துக்கு முன்பு வரை. தண்ணீர், பால் கலக்காத டீ போன்றவை இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை. குடல் அடைப்பு உள்ளவர்கள், இரைப்பை மெதுவாகக் காலியாகிறவர்கள், அவசர ஆபரேஷன் என்றால் விதி வேறு. அதை மயக்க டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நம் வார்டில் நடப்பது என்ன? லிஸ்டில் எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பேரும் நள்ளிரவிலிருந்து பட்டினி. முதல் ஆள் காலை எட்டு மணிக்கு உள்ளே போவார். கடைசி ஆளுக்கு மதியம் மூன்று மணி ஆகும். அதற்குள் விபத்து கேஸ் ஒன்று வந்து தியேட்டரை எடுத்துக்கொண்டால், “உங்களுக்கு இன்னிக்கு இல்லம்மா, நாளைக்கு” என்பார்கள். சாயங்காலம் நான்கு மணிக்கு ரொட்டியும் பாலும். ராத்திரி பன்னிரண்டோடு மறுபடியும் பட்டினி. ஏற்கெனவே நாற்பது கிலோவுக்கு வற்றிய ஒருவரை இரண்டு நாள் பட்டினி போட்டு மேசையில் ஏற்றுகிறோம். இதைச் சரிசெய்யப் பணமே வேண்டாம். யார் எத்தனையாவது, யார் எத்தனை மணிவரை தண்ணீர் குடிக்கலாம் என்று ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வார்டில் மாட்டினால் போதும்.

‘அதான் ட்ரிப்ஸ் ஏத்துறாங்களே, சத்து இறங்குமே’ என்று பலர் நினைக்கிறார்கள். அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. சுமார் 100 கலோரி. இரண்டு இட்லியில் கிடைக்கும் அளவு. புரதம் துளிகூடக் கிடையாது. வெளியே மெடிக்கலில் வாங்கிவரச் சொல்லும் புரோட்டீன் பவுடர் டப்பாவும் பெரிய உதவி இல்லை. விலைக்குப் பயந்து வீட்டில் நாளைக்கு ஒரு ஸ்பூன் கலக்கிக் கொடுப்பார்கள். பல பவுடர்களில் அந்த ஒரு ஸ்பூனில் ஒரு முட்டையில் பாதி அளவு புரதம்கூட இருக்காது.

முட்டை என்றதும் இன்னொன்று. வார்டில் அரசு கொடுக்கும் முட்டையை நோயாளி சாப்பிடுவதில்லை. உடன் வந்த பேரன் சாப்பிடுகிறான். கேட்டால், “தையல் போட்டிருக்கு, முட்டை சாப்பிட்டா சீழ் வைக்கும்” என்கிறார்கள். பருப்பு சாப்பிட்டால் புண் பழுக்கும், வேர்க்கடலை ஆகாது, கத்தரிக்காய் கரப்பான், மீன் கூடவே கூடாது. இப்படி விலக்கியவற்றை வரிசையாகப் பார்த்தால், ஏழை வீட்டுக்கு எட்டும் புரதம் அத்தனையும் அதில் அடங்கிவிடுகிறது. மிஞ்சுவது ரசஞ்சோறும் ரொட்டியும். நம் பெரியவர்கள் அக்கறையோடு சொல்வதுதான், அவர்களைப் பழித்துப் பயனில்லை. ஆனால் ஒவ்வாமை இல்லாதவருக்கு முட்டையும் பருப்பும் புண்ணை ஆற்றுமே தவிர, பழுக்கவைக்காது. இதைத் தேதி கொடுக்கிற நாளிலேயே ஒரு சிஸ்டர் உட்கார்ந்து சொன்னால், பாட்டி கேட்பார். டிஸ்சார்ஜ் அன்றைக்குக் கைக்குழந்தையோடும் பையோடும் ஆட்டோ தேடும் நேரத்தில் சொன்னால், யார் காதிலும் ஏறாது.

புற்றுநோயாளிகள் படும் பாடு தனி. வாயிலோ உணவுக்குழாயிலோ கட்டி வந்தவருக்குச் சோறு இறங்காது. வீட்டில் கஞ்சி வடித்து நீர்க்கக் கொடுப்பார்கள். அதுவும் பாதி டம்ளர். சதைப் பரிசோதனை முடிவு வர, ஸ்கேன் எடுக்க, எல்லா டாக்டர்களும் கூடி முடிவெடுக்க என்று நாட்கள் ஓடும். அந்த நாட்களில் கட்டியைவிட வேகமாக உடம்பு கரைகிறது. மூக்கு வழியாக மெல்லிய குழாய் போட்டு உணவு கொடுக்க முடியும். அதுவரை குடிக்கிற கஞ்சியிலாவது பாசிப்பருப்பு, பால், சத்து மாவு, வேகவைத்து மசித்த முட்டை சேர்த்துக் கெட்டியாக்க முடியும். அதைச் சொல்லிக் கொடுக்க டயட்டீஷியன் வேண்டும். நான் பார்த்த இடங்களில் டயட்டீஷியன் என்றால் சமையலறைக் கணக்கும் சர்க்கரை நோயாளிகளின் பட்டியலும்தான். ஆபரேஷன் வார்டுப் பக்கம் அவர் வர யாரும் உத்தரவு போடவில்லை.

தேதி கொடுக்கும் மேசையில் தொடங்கட்டும்

நம்மிடம் ஏற்கெனவே ஒன்று கையில் இருக்கிறது: காத்திருக்கும் நாட்கள். அரசு மருத்துவமனையில் அவசரமில்லாத ஆபரேஷனுக்கு வாரக்கணக்கில் காத்திருப்பது வழக்கமாகிவிட்டது. அந்த வாரங்களில் நோயாளி இன்னும் இளைக்கிறார். அதே வாரங்களில் அவரைத் தேற்ற முடியும். ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவர் அமைப்பு, கடுமையான சத்துக்குறைவு உள்ளவருக்குப் பெரிய ஆபரேஷனுக்கு முன் 7 முதல் 14 நாள் ஊட்டச்சத்து சிகிச்சை கொடுக்கச் சொல்கிறது. புற்றுநோய் ஆபரேஷனாக இருந்தாலும், அதற்காகத் தேதியைத் தள்ளிவைப்பதே நல்லது என்கிறது. நமக்குத் தள்ளிவைக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. தேதி ஏற்கெனவே தள்ளித்தானே இருக்கிறது!

எல்லோருக்கும் எல்லாம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 1991-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆபரேஷனுக்கு முன் ரத்தக் குழாய் வழியாகச் சத்து ஏற்றியபோது, உடம்பு ஓரளவு நன்றாக இருந்தவர்களுக்குக் கிருமித் தொற்று கூடியது. மிகவும் வற்றியவர்களுக்குத்தான் பலன் கிடைத்தது. நீண்ட நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாகக் கொட்டிக் கொடுப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்புகளின் அளவு சட்டென்று விழுந்து இதயம் தடுமாறும். ஆகவே யாருக்குத் தேவை என்று முதலில் சல்லடை போட வேண்டும். அதற்குத்தான் அந்த இரண்டு கேள்விகளும் ஒரு எடை மெஷினும். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை குறைந்ததா, வழக்கமான சாப்பாட்டில் பாதியாவது இறங்குகிறதா? ஐந்து நிமிட வேலை. எடை தெரியாது என்பவரிடம் ரவிக்கையையும் பெல்ட்டையும் கேளுங்கள்.

‘கூட்டத்தைப் பார்த்தீர்களா, இதற்கெல்லாம் நேரம் ஏது?’ என்று டாக்டர்கள் கேட்பார்கள். ஒரு நாளைக்கு அவர்கள் பார்க்கும் கூட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன், கேள்வி நியாயமானது. பதில் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2022-ல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்ட’த்தில், புதிதாகக் கண்டுபிடித்த ஒவ்வொரு காசநோயாளிக்கும் உயரம், எடை, கால்வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். மிகவும் மெலிந்தவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். பார்ப்பது டாக்டர் இல்லை, சுகாதார ஊழியர்கள்தான். சென்னையில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் வழிகாட்ட, ஆரம்ப சுகாதார நிலையம்வரை அது போய்ச் சேர்ந்தது. காசநோயாளிக்கு முடிந்தது ஆபரேஷன் நோயாளிக்கு முடியாதா?

சாப்பாட்டுச் செலவு என்று பயப்படவும் வேண்டாம். ஐம்பது கிலோ எடை உள்ளவருக்கு, ஆபரேஷன் சமயத்தில் நாளைக்கு 60 முதல் 75 கிராம் புரதம் வேண்டும். மூன்று வேளைச் சோற்றில் அதில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிடும். மீதிக்கு இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால், 50 கிராம் பருப்பு, ஒரு கை வேர்க்கடலை. இன்றைய சந்தை விலையில் நான் கூட்டிப் பார்த்தவரை, இது நாளைக்கு 40 ரூபாய்க்குள் அடங்குகிறது. மூன்று வாரத்துக்குக் கொடுத்தாலும் ஆயிரத்தைத் தொடாது. சீழ் வைத்த புண்ணுக்கு ஒரு வாரம் போடும் ஊசி மருந்தின் விலையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதைக் கொண்டுசேர்க்க வழியும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. கர்ப்பிணிகளுக்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுக்கிறது இதே அரசு. காசநோயாளிக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த உணவு உதவித்தொகையை 2024 நவம்பரில் மத்திய அரசு 1,000 ரூபாயாக உயர்த்தியது. ஒவ்வோர் ஊரிலும் சத்துணவு மையமும் அங்கன்வாடியும் இருக்கின்றன. சத்து மாவும் முட்டையும் அங்கே புழங்குகின்றன. ரேஷன் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆபரேஷன் சீட்டில் ஒரு சிவப்பு முத்திரை குத்தி, அதைக் காட்டினால் கூடுதலாக ஒரு கிலோ பருப்பும், பக்கத்து மையத்தில் தினமும் முட்டையும் சத்து மாவும் என்று உத்தரவிட்டால் நாளைக்கே நடக்கும். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி பிரஷர், சர்க்கரை மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலர்கள், முத்திரை உள்ளவரின் எடையைப் பார்த்து ஒரு வரி எழுதிவிட்டு வரட்டும். ரத்தசோகை உள்ள கர்ப்பிணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரும்புச்சத்து ஊசியை ட்ரிப்ஸில் ஏற்றுகிறார்கள். கர்ப்பப்பைக் கட்டியோடு தேதிக்குக் காத்திருப்பவருக்கும் டாக்டர் பார்த்து அதையே எழுதிக் கொடுக்கலாம். பூக்கார அக்கா அந்த ஒரு மாதத்தை டீயோடு விழுங்கிய மாத்திரையில் கழித்திருக்க வேண்டாம்.

காப்பீட்டையும் கவனிக்க வேண்டும். மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தில், மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய செலவு என்று கணக்கில் வருவது மூன்று நாள்தான். உடம்பைத் தேற்றத் தேவைப்படுவதோ இரண்டு வாரம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டப் பட்டியலில், பெரிய ஆபரேஷன்களின் தொகுப்புத் தொகையோடு ஊட்டச்சத்துக்கும் ஒரு வரி சேர்க்கட்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொடுத்த 19 அம்ச அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் ஊட்டச்சத்து இல்லை என்பது உண்மை. ஆனால் 2016-ல் அதே நிறுவனம், எடை குறைந்தவர்களுக்குப் பெரிய ஆபரேஷன் செய்யும்போது புண்ணில் தொற்று வராமல் தடுக்க ஊட்டச்சத்து உணவைப் பரிசீலிக்கச் சொன்னது. நம் மருத்துவமனைகள் தங்கள் பட்டியலில் அதை இருபதாவதாக எழுதிக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை.

உத்தரவு வரும்வரை, தேதி வாங்கப் போகிறவர்கள் நீங்களாகவே கேளுங்கள். எடை போடச் சொல்லுங்கள். முன்பிருந்த எடை தெரிந்தால் அதையும் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு, குறைந்தால் அட்மிஷன் தேதிக்குள் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். மாத்திரையை எதோடு போடுவது, முந்தின ராத்திரி எத்தனை மணிவரை தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் கேளுங்கள். சர்க்கரை, கிட்னிக் கோளாறு இருந்தால் எதை எவ்வளவு சாப்பிடலாம் என்பதை டாக்டரிடம் கேட்காமல் நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

சுகாதாரத் துறையிடம் கேட்பது இதுதான். அடுத்த மானியக் கோரிக்கையில் இதை ஓர் அறிவிப்பாகக் கொண்டுவாருங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றிலும், மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றிலும் முதலில் தொடங்குங்கள். தேதி கொடுக்கும் மேசையில் எடை மெஷினோடு ஒரு சிஸ்டரை உட்காரவையுங்கள். முத்திரை குத்தியவர்களில் எத்தனை பேர் எடை ஏறினார்கள், எத்தனை கேஸ் கேன்சல் ஆகாமல் தப்பியது, எத்தனை தையல் பிரிந்தது, ஒவ்வொருவரும் எத்தனை நாள் வார்டில் இருந்தார்கள் என்ற கணக்கை ஓராண்டு முடிவில் மக்கள் பார்வைக்கு வையுங்கள். மற்ற மாவட்டங்களுக்கு எப்போது என்பதை அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பேசுவோம்.